கால் போட மறந்த கிழங்கு

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாத முகூர்த்த நாளில், கடப்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே நடந்தது இது. அன்று யார் யாரிடம் என்ன சொன்னோம், எதைச் சொன்னதாக அவர்கள் நினைத்தார்கள் என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் குழப்பம் இருக்கிறது. அன்றைக்கு இருந்த குழப்பத்தோடு ஒப்பிட்டால் இதற்குத் தெளிவு என்றே பெயர் வைக்கலாம்.

முதலில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். சிறுசேரியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, கம்பெனிகளின் பெரிய மென்பொருளையும் லேபிள் அச்சடிக்கும் சின்ன மென்பொருளையும் ஒன்றோடொன்று பேச வைப்பது என் வேலை. பெரியதுக்கு எல்லாம் தெரியும்: என்ன சரக்கு, யாருடையது, யார் கேட்டார்கள், எந்த வண்டியில் போக வேண்டும். ஆனால் ஒரு ஸ்டிக்கரை நேராக அச்சடிக்கத் தெரியாது. சின்னதுக்கு அச்சடிக்க மட்டும்தான் தெரியும். எதை அச்சடிக்கிறோம் என்ற கவலையே கிடையாது. இந்த இரண்டுக்கும் பொருத்தம் பார்த்து முடிச்சுப் போட்டுவிட்டு வருகிற தரகன் நான். சம்பந்தம் கெட்டால் இரண்டு வீட்டாரும் தரகனைத்தான் தேடுவார்கள். என் மனைவி இதையெல்லாம் உறவினர்களிடம் “ஸ்டிக்கர் ஒட்டறார்” என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவாள். அதை மறுக்க இதுவரை எனக்குச் சரியான வாதம் எதுவும் கிடைக்கவில்லை.

அந்த வருடம் எங்களுக்கு வாய்த்தது செங்கல்பட்டில் ஒரு வியாபார நிறுவனம். வேடந்தாங்கல் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காய்கறியும், கடற்கரை ஊர்களிலிருந்து மீனும் வாங்கி, ஓட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் அனுப்புகிறவர்கள். சரக்கு தருகிற ஒவ்வொருவர் இடத்திலும் ஒரு சின்ன லேபிள் பிரிண்டர் வைத்துவிடுவது. செங்கல்பட்டு மென்பொருள் சொல்வதை அது அங்கேயே அச்சடிக்கும். பாக்கெட்டில் ஒட்டினால் அது எங்கே போக வேண்டும் என்பதும் அதிலேயே முடிவாகிவிடும். இதுதான் திட்டம். காகிதத்தில் அழகாக இருந்தது.

இதற்குமுன் சரக்குப் பெயர்களைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரே பொருளை நாலு பேர் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே பெயராக்க வேண்டும். என்னோடு வேலை செய்த பெண் மதுரைக்காரர். பட்டியலில் ஓர் இடத்தில் நின்று, “சார், இங்க கிழங்குன்னு இருக்கு, கிழங்கான்னு இருக்கு, கெழங்கான்னும் இருக்கு. எல்லாம் ஒண்ணுதானா?” என்று கேட்டார்.

நான் கொஞ்சம் இலக்கணம் படித்தவன். அது எவ்வளவு ஆபத்தான அளவு என்பது அப்போது தெரியாது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு விளக்கினேன். இந்தப் பக்கத்துப் பேச்சில் சொற்கள் ஆகாரத்தில் போய் முடியும். ‘என்ன’ என்பது ‘இன்னா’ ஆகவில்லையா? ‘வேண்டாம்’ என்பது ‘வாணா’ ஆகவில்லையா? அந்த வழியில்தான் கிழங்கு ‘கிழங்கா’ ஆகியிருக்கிறது. கொச்சை. எல்லாவற்றையும் கிழங்கு என்று திருத்திவிடலாம். அவர் மதுரை, நான் சேலம். இரண்டு ஊரிலும் கடல் கிடையாது. விளக்கம் இருவருக்கும் பிடித்திருந்தது.

கடப்பாக்கத்தில் எங்கள் முதல் பிரிண்டர் போனது ஓர் அம்மாவின் மீன் யூனிட்டுக்கு. நாற்பதைத் தொட்ட வயது, வேகமான பேச்சு, அதைவிட வேகமான கை. ஐஸ் பேக்டரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், சொந்தமாகத் தொடங்கிய யூனிட். மீனைச் சுத்தம் செய்து வெட்டி, வெள்ளைப் பையில் காற்றில்லாமல் அடைத்து, உறைய வைத்து விற்கிறார். அதுவரை அவருடைய மீன் வேறு யாருடைய பெயரிலோதான் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாக்கெட்டில் தன் யூனிட் பெயர் அச்சாகி வெளியே போகப்போவது அன்றைக்குத்தான் முதல் தடவை. யூனிட் பெயர் என்பது அவருடைய பெயரேதான்.

லேபிள்கள் ஒவ்வொன்றாக பிரிண்டரிலிருந்து நாக்கு நீட்டியபோது நான் பக்கத்தில் நின்றேன். பார்கோடு கூர்மையாக இருக்கிறதா, ஓரம் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கோடுகளைப் பார்த்தேனே தவிர, கோடுகளுக்கு மேலே இருந்த சொல்லைப் பார்க்கவில்லை. பாக்கெட் போடுகிற பெண்களில் ஒருத்தர் மட்டும், “இன்னா யக்கா, மூலையில பச்சையா பொட்டு வச்சி கீது?” என்று கேட்டார்.

“புது சிஸ்டம்ல. டிசைன மாத்தி இருப்பாங்க.”

“கடைசி எழுத்துகூட வேற மாதிரி கீது.”

“எடம் பத்தியிருக்காது. ஒட்டு ஒட்டு, ஃப்ரீசர்ல வைக்கணும்.”

மறுநாள் விடியற்காலையில் செங்கல்பட்டு கம்பெனியின் வண்டி வந்தது. டிரைவர் ஸ்கேனரைக் காட்டினார், அது பீப் என்றது, பாக்கெட்டுகள் ஏறின. வண்டி போய் மூன்று மணி நேரம் கழித்து, வேலை முடித்த திருப்தியில் அந்த அம்மாவின் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கம்பெனியின் புகார்ப் பிரிவிலிருந்து போன் வந்தது. முதல் மாதம் லேபிள் ஒட்டிய எந்தப் பாக்கெட்டைப் பற்றிப் புகார் வந்தாலும் எனக்கே தள்ளிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

புகார் இது: மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சமையல்காரர், தனக்கு வந்த கிழங்குப் பாக்கெட்டுகளின் பக்கத்தில் ஒரு பூனை உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, என்ன பேக்கிங் செய்கிறீர்கள் என்று கேட்கிறார்.

பூனைக்கும் லேபிளுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. பாக்கெட் எண்ணைக் கேட்டுப் பார்த்தால், இங்கிருந்து காலையில் போனவை. எதிரே இருந்த அம்மாவைக் கேட்டேன்.

“ஏம்மா, காலைல போனது கிழங்கா?”

“ஆமா சார், கெழங்கா.”

“நீங்க கிழங்கும் போடறீங்களா?”

“இன்னா சார் இப்டி கேக்கறீங்க. அதான் நம்மளாண்ட மெயினு.”

“இல்ல, பக்கத்துல பூனை வந்து உக்காந்திருக்காம்.”

“வராம?”

இந்த ‘வராம’ என்னைக் கொஞ்சம் தடுமாற வைத்தது. கிழங்கு தின்னும் பூனைகளைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. கடற்கரைப் பூனைகளின் பழக்கம் வேறாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

“நல்லா இருக்குமா அது?” என்று பொதுவாகக் கேட்டு வைத்தேன்.

“வறுத்தா அப்டி இருக்கும் சார். கொழந்தைங்களுக்கே குடுக்கலாம். நடு முள்ளு ஒண்ணுதான்.”

“கிழங்குக்கு ஏதும்மா முள்ளு?”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மேஜைமேல் மிச்சமிருந்த ஒரு லேபிளை இருவரும் சேர்ந்து பார்த்தோம். ‘கிழங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மூலையில் சைவத்துக்கு உரிய பச்சைப் புள்ளி. அடியில், ‘உலர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வைக்கவும். குளிரூட்ட வேண்டாம்.’ அதற்கும் கீழே அவருடைய பெயர்.

கிழங்கா என்பது இந்தக் கரையில் ஒரு மீன். ஒல்லியாக, நீளமாக, வெள்ளியைத் தேய்த்தது போல இருக்கும். கடலோரத்தில் இருக்கிற எவரும் அதைக் கிழங்கோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள். அதற்குச் சேலத்திலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். கிழங்கு வகை என்று நான் திருத்திய உடனே பெரிய மென்பொருள் அதைக் காய்கறிப் பக்கத்தில் சேர்த்துவிட்டது. மாமல்லபுரத்துக் கல்யாணத்துக்கு வறுவலுக்கென்று வெட்டிய கிழங்கு கேட்டிருந்தார்கள். பக்கத்தில் யாரிடம் கிழங்கு இருக்கிறது என்று அது தேடி, கடப்பாக்கத்தைக் கண்டுபிடித்து, வண்டியை நேராக அங்கே விட்டுவிட்டது. நாங்கள் கட்டிக்கொடுத்த ஏற்பாடு முதல் நாளே எந்தப் பிசகும் இல்லாமல் வேலை செய்திருந்தது. வெங்காயத்தையே யோசித்துத் தொடுகிற ஒரு குடும்பத்தின் சமையல்கட்டுக்குப் பச்சைப் புள்ளி வைத்த மீனைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

சமையல்காரரின் நம்பரைப் போட்டேன். பின்னால் கிரைண்டர் ஓடுகிற சத்தம்.

“அண்ணே, அந்தக் கிழங்குப் பாக்கெட்டைப் பிரிக்காதீங்க.”

“இன்னாது?”

“பிரிக்காதீங்க, பிரிக்காதீங்க.”

“பொரிக்க இன்னும் டைம் கீதுப்பா. ரிசப்ஷனுக்குத்தான்.”

லைன் அறுந்தது. மறுபடி போட்டால் எடுக்கவில்லை. மீன் என்று உரக்கச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த அம்மாதான் என் கையைத் தட்டினார். “போன்ல அந்த வார்த்தைய சொல்லாதீங்க. ஸ்பீக்கர்ல போட்டு வச்சிருந்தா, பொண்ணு வூடு மாப்ள வூடு எல்லாம் கேக்கும். அப்பால எம்பேரச் சொல்லி எந்த ஓட்டலும் வாங்க மாட்டான்.”

அவரிடம் ஒரு குட்டியானை இருந்தது. சின்ன லோடு வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவரே ஓட்டினார். உப்பளங்களையும் வறண்டு கிடந்த பாலாற்றையும் தாண்டி வண்டியை விரட்டினார். நான் சிறுசேரிக்குப் போன் செய்து, கிழங்கு என்று எதையும் வெளியே விடாமல் நிறுத்தச் சொன்னேன். “எந்தக் கிழங்கு சார்?” என்றார் மதுரைப் பெண். “எல்லாக் கிழங்கும்.” “சரி சார். கிழங்காவும் நிறுத்தவா?” “அதுதாம்மா இது.” “எது சார்?” போனை வைத்துவிட்டேன்.

திருப்பம் ஒன்றில் அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “பாக்கெட் மேல எம்பேரு கீது சார். உங்க பேரு இல்ல.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் தேடியிருப்பேன்.

மண்டபத்துக்குப் பின்னால் சவுக்குத் தோப்பை ஒட்டித் தகரக் கூரை போட்ட சமையல்கட்டு. வாழையிலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில், நல்ல காற்றோட்டமான இடத்தில், லேபிளில் சொன்னபடியே, பாக்கெட்டுகளைச் சாக்குமேல் பரப்பி வைத்திருந்தார்கள். உறைந்தது இளகி, சாக்கு ஈரமாகியிருந்தது. முன்னங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, பந்திக்கு முதல் ஆளாக வந்துவிட்ட விருந்தாளி போலப் பூனை உட்கார்ந்திருந்தது. அங்கே எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத ஒரே ஜீவன் அதுதான். உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்ததும் அதற்கு மட்டும்தான்.

சமையல்காரர் கனத்த உடம்பு, தோளில் துண்டு. “நீதான் போன் பண்ணியா? பொரிக்க வாணாம்ன்ட்டு? அப்போ அவிக்கவா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் பார்த்தேன். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாப்பிள்ளையின் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். சமையல்கட்டு ஆசாரத்தைக் கண்காணிக்க அவராகவே எடுத்துக்கொண்ட பொறுப்பு. வெளியூர்க்காரர், நெற்றி நிறைய விபூதி.

“நீங்க யாரு?” என்றார்.

“லேபிள் கம்பெனிங்க, ஐயா. இந்தப் பாக்கெட்டை எல்லாம் திருப்பி எடுத்துட்டுப் போகணும்.”

“ஏன்?”

அந்த அம்மா என் முழங்கையைக் கிள்ளினார். கடைசியில் வாயில் வந்தது உண்மைதான்.

“லேபிள்ல எழுத்துப் பிழைங்க.”

பெரியவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். ஒரு பாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னார். சொட்டச் சொட்டக் கொண்டுபோய்க் காட்டினேன்.

“எங்க பிழை?”

“கடைசி எழுத்து. ‘கு’ இல்லீங்க, ‘கா’. கால் போட்டிருக்கணும்.”

அவர் நிதானமாக வாசித்தார். “கிழங்... கா. கிழங்கா?” எங்களை நிமிர்ந்து பார்த்தார். “கிழங்குதானே? இதுல என்ன சந்தேகம் உங்களுக்கு? லேபிள்ல போய் யாராவது கேள்வி கேப்பாங்களா?”

பின்னால் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. சமையல்காரர் உள்ளூர் ஆள். அவர் பாக்கெட்டைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார்.

“யக்கா, நீ எந்த ஊரு?”

“கடப்பாக்கம்.”

“அங்க இன்னா, தோட்டமா?”

“தோட்டம்தான் அண்ணாத்த. ஊருக்குக் கெழக்கால பூரா அதுதான்.”

அவர் துண்டை எடுத்து முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டார். இத்தனை பேருக்கு நடுவே ஒரு வார்த்தை உரக்கக் கேட்டிருந்தால் அந்த அம்மாவின் பெயர் அன்றோடு முடிந்திருக்கும். அவருக்கு அந்த அம்மா யாரோ. அவர் அந்த வார்த்தையைக் கேட்கவில்லை. பெரியவர் பக்கம் திரும்பினார்.

“ஐயா, எழுத்து தப்பா கீற சரக்கு நம்ம கட்டுல வாணாம். நல்ல காரியம். வாழக்கா போட்டு வறுத்துர்றேன்.”

பெரியவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “வாழைக்காய் ரொம்ப சரி,” என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒரு எழுத்துப் பிழைக்காக இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கீங்க பாருங்க. இந்தக் காலத்துல தமிழுக்கு இப்படி ஒரு கம்பெனி இருக்குன்னு எனக்குத் தெரியாம போச்சு.” நாலு பேரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். இராத்திரி இருந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார். வாழ்க்கையில் என் தமிழுக்குக் கிடைத்த ஒரே பொதுமரியாதை அதுதான்.

திடீரென்று மூக்கைச் சுருக்கினார். “என்னமோ வாடை வருதே.”

“கடல் காத்து ஐயா,” என்றார் சமையல்காரர், மஞ்சள் தண்ணீரைத் தரையில் தெளித்துக்கொண்டே. “இந்த ஊர்ல அப்டித்தான்.”

பாக்கெட்டுகளை அவரே சுமந்து வந்து வண்டியில் ஏற்றினார். யாரும் பக்கத்தில் இல்லையென்று பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், “ஒண்ணுகூட பிரிக்கல யக்கா, நான் பாத்துட்டேன். உம்பேரு வெளிய போவாது. போனா எம்பேரும் சேந்துதான் போவும்,” என்றார். பிறகு என்னிடம், “நீ இனிமே கெழங்குன்னு மொட்டையா எதுவும் அனுப்பாத நைனா. உருளன்னு அனுப்பு, சேனன்னு அனுப்பு. எனக்குக் குடும்பம் கீது.”

பூனை வண்டிவரை எங்களோடு வந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய், அந்த அம்மா ஒரு பாக்கெட்டைக் கிழித்து அதற்குப் போட்டார். லேபிளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அது சாப்பிட்டது.

திரும்பி வரும்போது அவர் கேட்டார். “சார், கெழங்காவ யாரு கெழங்கு ஆக்குனது?”

இன்னா, வாணா, ஆகாரம் என்று என் ஆராய்ச்சி முழுவதையும் சொன்னேன். அவர் ரோட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார்.

“அப்போ நைனான்றது நைனுவா சார்?”

நான் யோசிப்பதற்குள் அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். காலையிலிருந்து அடக்கி வைத்த பயம் அது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார். “தப்புன்னு தோணிச்சா, சரி. யாரயாவது ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல.”

யாரையும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. நான் என்னைக் கேட்டிருந்தேன். நானும் உடனே சரி என்று சொல்லிவிட்டேன்.

இளகிய மீனை மறுபடி உறைய வைத்து விற்கக் கூடாது. அத்தனையையும் அன்று யூனிட்டிலேயே வறுத்தார்கள். ஒட்டியவர்கள், வெட்டியவர்கள் எல்லோரும் சாப்பிட்டோம். “கெழங்கு நல்லாகீதா சார்?” என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டு என் இலையில் வைத்தார்கள். அன்று மாலையே பட்டியலில் அதற்குக் கால் போட்டு, மீன் பக்கத்தில் சேர்த்து, அசைவத்துக்கு உரிய பழுப்பு முக்கோணத்தை வைத்தோம். அடுத்த தடவை அந்த அம்மாவின் பெயர் போட்ட பாக்கெட், போக வேண்டிய ஓட்டலுக்கே போயிற்று. இப்போது பழைய மாமல்லபுரம் சாலைக் கடைகளிலும் அதைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் கையில் எடுத்துக் கடைசி எழுத்தைச் சரிபார்ப்பதைக் கடைக்காரர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

அந்தப் பெரியவர் நினைப்பதுபோல எழுத்துப் பிழைக்காக உயிரை விடுகிறவன் இல்லை நான். ஆனால் எந்தச் சொல்லைக் கண்டாவது பிழை என்று கை பரபரக்கும்போது, அது யாருடைய பிழைப்போ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் இப்போதெல்லாம் கை வைக்கிறேன்.